திரும்பிப் போன பார்சல், திரும்பாத பணம்: ரீஃபண்ட் எப்படி இயங்குகிறது?

ஜெயங்கொண்டத்தில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமையே வந்துவிடும் என்று செயலி காட்டியதை நம்பி, பணத்தையும் முழுசாகக் கட்டி, ஒரு சேலைக்கு ஆர்டர் போட்டாயிற்று. செவ்வாய் போனது, வெள்ளியும் போனது. வளையல் அடுக்கி, கலவைச் சாதம் கட்டிக் கொடுத்து, வந்த சொந்தமெல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகு செல்பேசியில் ஒரு செய்தி: ‘டெலிவரி முயற்சி தோல்வி’. மறுநாள் இன்னொன்று: ‘அனுப்பியவருக்கே திரும்புகிறது’. சரி, பணத்தையாவது கொடுங்கள் என்று கேட்டால், “பார்சல் எங்களிடம் வந்து சேரட்டும்” என்கிறார்கள்.

சேலையும் இல்லை, காசும் இல்லை. நடுவில் என்னதான் நடக்கிறது?

அதைத் தெரிந்துகொள்ள, டோக்கன் வாங்கிச் சாப்பிடும் ஓட்டல் ஒன்றின் சமையல்கட்டுக்குள் எட்டிப் பார்க்கலாம். அரியலூர் பேருந்து நிலையத்தை ஒட்டி இருக்கிறது என்று வையுங்கள். கல்லாவில் பணம் கட்டி ரோஸ்ட்டுக்கு டோக்கன் வாங்குகிறீர்கள். டோக்கன் உள்ளே போகிறது. மாஸ்டர் கல்லில் மாவை ஊற்றுகிறார். சப்ளையர் தட்டை எடுத்து வர வேண்டும். “அஞ்சு நிமிஷம் சார்” என்றவர்கள் கால் மணி நேரமாகியும் கொண்டுவரவில்லை. செந்துறை பஸ் கிளம்பப் போகிறது, எழுந்துவிடுகிறீர்கள். அப்புறம் தட்டு வருகிறது, ஆளைக் காணோம் என்று உள்ளே திரும்பிப் போகிறது.

இப்போது காசைக் கேட்டுப் பாருங்கள். “எங்கிட்ட ஏது காசு?” என்பார் சப்ளையர். “நான் போட வேண்டியதைப் போட்டுட்டேன்” என்பார் மாஸ்டர். “டோக்கன்ல கேன்சல்னு எழுதி உள்ளேருந்து வரட்டும்” என்பார் கல்லாவில் இருப்பவர். மூன்று பேரும் சொல்வது உண்மைதான். ஆனாலும் காசு கைக்கு வரவில்லை.

இணைய விற்பனையிலும் இதே ஆட்கள்தான். மாஸ்டர் என்பவர் விற்பனையாளர். சப்ளையர் என்பவர் கொரியர் நிறுவனம். ஓட்டல் முதலாளி, ஆர்டர் எடுத்த தளம். கல்லா, பணம் வசூலிக்கும் நிறுவனமும் வங்கியும். தட்டு போகும் வழி ஒன்று, காசு போகும் வழி வேறு. இரண்டையும் இணைப்பது ‘கேன்சல்’ என்று எழுதிய அந்த டோக்கன் மட்டும்தான்.

காசு கல்லாவில்தான் இருக்கிறது

நீங்கள் கட்டிய பணம் அந்த நிமிடமே விற்பனையாளரின் கைக்குப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். நடுவில் நின்று பணம் வசூலிக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று நெறிமுறைகள் வெளியிட்டது. வாடிக்கையாளரிடம் வாங்கிய பணத்தை ஒரு வங்கியில் தனியான எஸ்க்ரோ கணக்கில் வைக்க வேண்டும், சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. பொருள் போய்ச் சேர்ந்த பிறகோ, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகோ விற்பனையாளருக்குப் பட்டுவாடா செய்வதே தளங்களின் பொது வழக்கம். ஆகவே வராத பார்சலுக்கான பணம் பெரும்பாலும் செலவாகிப் போயிருக்காது. எடுத்துக் கொடுக்க உத்தரவு வராமல் கிடக்கும்.

அதே நெறிமுறையில் இன்னொரு விஷயமும் உண்டு. எந்த வழியாகப் பணம் வந்ததோ அதே வழியாகத்தான் திருப்பித் தர வேண்டும். வாங்கியவர் சம்மதித்தால் மட்டும் வேறு வழி. “எங்கள் வாலட்டில் போடுகிறோம், உடனே கிடைக்கும்” என்று திரையில் ஒரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் நீங்களே சம்மதித்ததாக ஆகிவிடும். காசுக்குப் பதிலாக அதே ஓட்டலில் இன்னொரு நாள் சாப்பிட டோக்கன் வாங்கிக்கொள்வது போன்றது அது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ரீஃபண்டை வங்கிக் கணக்கில் வாங்குவதா கூப்பனாக வாங்குவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பயணிகளுக்குத் தர வேண்டும் என்று ஓலா நிறுவனத்துக்கு உத்தரவிட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

தட்டு எங்கே நின்றது?

சப்ளையர் மேசை மாறிப் போவதற்கு நம் பக்கத்தில் காரணங்கள் நிறைய. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் குறிக்கும், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும். அரியலூர் 621704, ஜெயங்கொண்டம் 621802, பெரம்பலூர் 621212; எல்லாம் 621. ஆனால் அதே அரியலூர் மாவட்டத்தில் மீன்சுருட்டி, தா.பழூர் பக்கம் போனால் 612 என்று கும்பகோணத்து வரிசை தொடங்கிவிடும். இதில் ஓர் எண் மாறினால் பார்சல் இன்னொரு ஊர் கிடங்கில் போய் உட்காரும்.

மாவட்டப் பெயரும் குழப்பம். அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனியானது. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதினால் பெரம்பலூர் மாவட்டம், அதற்கும் பழையதானால் திருச்சி மாவட்டம். ஆண்டிமடம் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே வீடு இருந்தால், “கடைத்தெருவுக்கு வந்து வாங்கிக்கங்க” என்று போன் வரும். போனை எடுக்காவிட்டால் ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று பதிவாகும். சில சமயம் போனே வராமலும் அப்படிப் பதிவாகும்.

அந்தப் பதிவு முக்கியம். பட்டுவாடா ஆகாத ஒவ்வொரு முறையும் கொரியர் ஒரு காரணத்தைக் குறிக்க வேண்டும்: முகவரி தவறு, ஆள் இல்லை, வாங்க மறுத்தார், பிறகு வரச் சொன்னார். இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகு திரும்பும் பயணம் தொடங்கும். தாமதத்தால்தான் வேண்டாம் என்றீர்களா, மனம் மாறி வேண்டாம் என்றீர்களா என்பதைத் தளம் அந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்கிறது. நீங்கள் வீட்டில் இருந்தும் ‘ஆள் இல்லை’ என்று வந்தால் அன்றைக்கே, செயலியின் உதவிப் பக்கத்தில், எழுத்தில் மறுத்துவிடுங்கள். மறுக்காத பொய் பிறகு ஆவணமாகிவிடும்.

திரும்பும் தட்டுக்கு அவசரமில்லை

வரும்போது பார்சலுக்கு ஒரு தேதி இருந்தது. திரும்பும்போது இல்லை. சூடான தட்டை ஓடிக் கொண்டுவரும் சப்ளையர், எச்சில் தட்டுகளோடு சேர்த்துத்தான் திரும்பும் தட்டை எடுத்துப் போவார். கொரியரும் அப்படியே. உள்ளூர்க் கிடங்கில் பை நிறையும் வரை காத்திருந்து, திருச்சி போன்ற பெரிய ஊர்க் கிடங்குக்குப் போய், அங்கிருந்து சூரத்தோ டெல்லியோ, சரக்கு கிளம்பிய ஊருக்குத் திரும்பும். அங்கே ஒருவர் பிரித்துப் பார்த்து, அதே சேலைதான், மடிப்பு கலையவில்லை என்று குறிப்பார். அதற்குப் பிறகுதான் டோக்கனில் ‘கேன்சல்’ விழும்.

இங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டும். நான் தட்டைத் தொடவே இல்லை. சப்ளையரை வேலைக்கு வைத்தது நானும் இல்லை. உள்ளே தட்டு எப்போது போய்ச் சேர்ந்தால் எனக்கென்ன? வாங்கியவர் பயன்படுத்திப் பார்த்துத் திருப்பி அனுப்பிய பொருளைச் சோதிப்பது நியாயம். கைக்கே வராத பொருள் திரும்பி வருவதற்கு வாங்கியவரைக் காத்திருக்க வைப்பது, ஓட்டலின் உள்விவகாரத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது.

சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்டன. அவற்றின் ஆறாவது விதி விற்பனையாளருக்கானது. பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, சொன்னபடி இல்லாவிட்டாலோ, சொன்ன காலத்துக்குப் பிந்தி வந்தாலோ, திரும்ப எடுத்துக்கொள்ளவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு ஒரே ஒரு விலக்கு: யார் கையிலும் இல்லாத பேரிடர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதே, அந்த மாதிரி. ‘பண்டிகைக் கூட்டம்’ அந்தப் பட்டியலில் வராது. தீபாவளி எப்போது வரும் என்பது காலண்டரிலேயே இருக்கிறது.

அதே விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஆனால் ஓர் ஓட்டையும் உண்டு. பணத்தை ‘நியாயமான காலத்துக்குள்’ தர வேண்டும் என்று விதி சொல்கிறதே தவிர, இத்தனை நாள் என்று சொல்லவில்லை. பிரிட்டனில், இணையத்தில் வாங்கி வேண்டாமென்று திருப்பிய பொருளுக்கு, அது வந்து சேர்ந்தோ, அனுப்பியதற்குச் சான்று காட்டியோ 14 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் விதிகளிலேயே எழுதிவிட்டார்கள். இங்கேயும் ஓர் எண்ணை எழுதிவிட்டால் பாதிப் புகார் குறையும்.

கல்லா திறந்த பிறகு

‘ரீஃபண்ட் தொடங்கப்பட்டது’ என்று செய்தி வந்துவிட்டால், அதற்கு ஓர் எண் இருக்க வேண்டும். யூபிஐ என்றால் 12 இலக்க எண். கார்டு என்றால் 23 இலக்க எண். தளத்திடம் அதைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லை என்றால் டோக்கன் இன்னும் சமையல்கட்டைத் தாண்டவில்லை, தளத்தோடுதான் பேச வேண்டும். எண் கிடைத்தும் கணக்கில் ஏறவில்லை என்றால் தளத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்த எண்ணோடு உங்கள் வங்கிக்குப் போங்கள். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், ரீஃபண்ட் வரும் என்று நம்பி மாத பில்லைக் கட்டாமல் விடாதீர்கள். வட்டி தனியாக ஏறும்.

இந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். தேடுபொறியில் கிடைத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்குப் போன் செய்தால், க்யூஆர் படம் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள், யூபிஐ பின் கேட்பார்கள். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் போட வேண்டிய தேவை எப்போதும் இல்லை. பின் போட்டால் பணம் போகும். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

யாரும் அசையாவிட்டால்

முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல். ஆர்டர் எண், சொன்ன தேதி, பார்சல் எண், நீங்கள் மறுத்து எழுதியது, இவை நான்கும் அதில் இருக்கட்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது; ஆனால் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்குவார்கள். சின்னத் தொகைகள் பல இந்தக் கட்டத்திலேயே வந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருக்கிறதே, அங்கே யார் அலைவது என்று தயங்க வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. உடையார்பாளையத்துக்காரர் அரியலூரிலும், வேப்பந்தட்டைக்காரர் பெரம்பலூரிலும் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கத்தான் செய்யும். ஆனால் நோட்டீஸ் கிடைத்ததும் பணத்தை அனுப்பிவிட்டு ஒதுங்கும் நிறுவனங்களும் உண்டு.

வழக்குத் தொடுக்கக் கெடு இரண்டு ஆண்டு. ஆனால் செயலித் திரையில் இருக்கும் ‘செவ்வாய்க்குள் வரும்’ என்ற வாக்குறுதி அத்தனை நாள் நிற்காது. தேதி தள்ளிப்போனதும் புதுத் தேதி அதை மறைத்துவிடும். ஆகவே அடுத்த முறை ஆர்டர் போட்ட கையோடு அந்தத் தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தாமதம் என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கப்போகும் முதல் சாட்சி அதுதான்.