சொல்லிவைக்காத சந்திப்பு

1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குப் போனவர்கள் பிலிப்ஸ் நிறுவனத்தின் அரங்குக்குள் ஐந்நூறு ஐந்நூறு பேராக அனுப்பப்பட்டார்கள். உள்ளே இருட்டு. வளைந்து எழும் கான்கிரீட் சுவர்களில் நிறங்கள் பரவின. அவற்றின் மேல் கறுப்பு வெள்ளைப் படங்கள்: முகமூடிகள், எலும்புக்கூடுகள், சாப்ளின், அணுகுண்டின் புகைக்குடை. கூடவே மணியோசை, சைரன், மனிதக் குரல், இயந்திர இரைச்சல். ஓசை ஓரிடத்தில் நிற்கவில்லை. சுவரில் ஏறி, தலைக்கு மேல் ஓடி, முதுகுப்பக்கம் இறங்கியது. 480 நொடிகளில் எல்லாம் முடிந்தது. அந்தப் படைப்பின் பெயர் 'மின்னணுக் கவிதை'.

ஓசையை ஓடவைத்த ஏற்பாடு வியப்பானது. சுவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள். தொலைபேசி நிலையங்களில் இணைப்பு மாற்றும் கருவிகளைக் கொண்டு, ஒரே ஒலியை ஒரு பெருக்கியிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றிக்கொண்டே போனார்கள். எந்தப் பெருக்கி எப்போது பேச வேண்டும் என்ற கட்டளைகள் தனியொரு காந்த நாடாவில் இருந்தன. கேட்டவர்களுக்கோ கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பறந்துபோவதாகவே பட்டது.

படங்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தியவர் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. அந்நாட்களில் சண்டிகர் நகர வேலையும் அவர் தலையில் இருந்ததால், அரங்கின் வடிவத்தைத் தன் அலுவலகத்தில் இருந்த யானிஸ் ஸெனாக்கிஸிடம் விட்டார். ஸெனாக்கிஸ் பொறியாளர், இசையமைப்பாளரும்கூட. வயலின்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதை அவர் தாளில் நேர்கோடுகளாக வரைந்திருந்தார். பல நேர்கோடுகள் சேர்ந்தால் அங்கே ஒரு வளைபரப்பு பிறக்கும். அரங்கின் சுவர்களும் அதே கணக்கில் எழுந்தன. இசை அமைத்தவர் எழுபதைத் தாண்டிய எட்கார் வரேஸ். அவருடைய ஓசைகள் நிறுவனத்தாருக்குப் பிடிக்கவில்லை, வேறு ஆளைப் போடப் பார்த்தார்கள். வரேஸ் இல்லையென்றால் நானும் இல்லை என்று லெ கொர்புசியே உறுதியாக நின்றுவிட்டார்.

அவ்வளவு பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய கூட்டாளியோடு உட்கார்ந்து, இந்தப் படத்துக்கு இந்த ஓசை என்று அவர் பொருத்திப் பார்க்கவே இல்லை. மொத்த நீளம் மட்டும்தான் பொது. மற்றபடி படம் தனி, இசை தனி. இரண்டும் அரங்கில்தான் சந்தித்தன.

அப்படியிருந்தும் அது சிதறிப்போகவில்லை. காரணம் நம் மூளை. இடியும் மின்னலும்போல, ஒரே நிகழ்ச்சியின் ஒளியும் ஒலியும் நம்மை ஒரே கணத்தில் வந்தடைவதில்லை. எனவே சிறு இடைவெளியை மன்னித்து, ஏறத்தாழ ஒரே வேளையில் வரும் இரண்டையும் ஒன்றாகவே முடிச்சுப் போட மூளை பழகியிருக்கிறது. 1997-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. திரையில் இரண்டு வட்டங்கள் எதிரெதிரே நகர்ந்து, ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. பலருக்கு அப்படியே தெரிகிறது. அவை சந்திக்கும் கணத்தில் ஒரு சின்ன 'டிக்' ஒலியைச் சேர்த்தால், மோதித் திரும்பிப் போவதாகப் பார்ப்பவர்கள் அதிகமாகிறார்கள். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. காது சொன்னதைக் கேட்டுக் கண் தன் கதையை மாற்றிக்கொண்டது.

ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு வெளிச்சம் துள்ளும் இன்றைய மேடைக் காட்சிகளைவிட இந்த வழியே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது. அங்கே அடுத்து வருவது சீக்கிரமே தெரிந்துவிடும்; மூளைக்கு வேலை இல்லை. வரேஸும் கொர்புசியேயும் அந்த வேலையைப் பார்வையாளரிடம் முழுதாக ஒப்படைத்தார்கள், அதுவும் ஒரு வணிக நிறுவனத்தின் விளம்பரச் செலவில்!

அரங்கை 1959 ஜனவரியில் இடித்துவிட்டார்கள். ஓசை நடந்த சுவர்கள் போயின. இசையும் படமும் மட்டும் தனித்தனியே தப்பின. அவற்றைச் சேர்த்து இணையத்தில் இன்று பார்க்கலாம். இசையைச் சில நொடிகள் தள்ளி ஓடவிட்டும் பாருங்கள்: பழைய பொருத்தங்கள் கலைந்து, அதே படங்களில் புதியவை முளைக்கும்.