கிழிந்த காகிதத்தின் ஒரு மூலை

பிரான்சு நாட்டின் அலன்சோன் நகரில், மார்ட்டின் குடும்பத்தாரின் இல்லத்தில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஒருநாள் சுவரில் ஒட்டியிருந்த வண்ணக் காகிதத்தின் சிறு மூலையொன்றைத் தவறுதலாகக் கிழித்துவிட்டாள். வீட்டில் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வெளியே சென்றிருந்த தந்தை நான்கு மணி நேரங் கழித்துத் திரும்பியபோது எல்லாரும் அதனை மறந்தே போயிருந்தனர். சிறுமி மட்டும் மறக்கவில்லை. மூத்த அக்காள் மரியிடம் ஓடிச்சென்று, தான் செய்த குற்றத்தை அப்பாவிடம் உடனே சொல்லிவிடும்படி கெஞ்சினாள். தாய் செலி தம் மற்றொரு மகளுக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அச்சிறுமியே நாம் அன்புடன் போற்றும் புனித குழந்தை தெரேசம்மாள்.

இதை வாசித்ததும், எத்துணை நேர்மையான குழந்தை என்று நாமும் முதலில் வியந்தோம். ஆனால், ஓர் எழுத்துக் கோணியதற்காகப் பக்கம் முழுவதையும் ரப்பரால் தேய்த்துத் தாளையே கிழித்துவிட்டு, "இனி நான் எழுதவே மாட்டேன்" என்று அழும் பிள்ளையைத் தம் வீட்டில் கண்ட பெற்றோருக்கு, இந்நிகழ்ச்சியில் வேறொன்றும் புலப்படும். எதிலும் சிறு குறையும் இருக்கலாகாது என்னும் வேட்கை சில பிள்ளைகளை இளமையிலேயே பற்றிக்கொள்கிறது. நாம் அதைச் சமர்த்து என்று மெச்சுகிறோம். பிள்ளையோ உள்ளுக்குள் வாடுகிறது.

இவ்வேட்கை எங்கிருந்து வருகிறது? ஒரு பாதி சுபாவத்திலிருந்து வருகிறது எனலாம். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவத் தம்பதியர் 1956-ல் நியூயார்க் நகரில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கி, 133 குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவம் முதல் பெரியவர்களாகும் வரை கவனித்து வந்தனர். புதியதைக் கண்டு பின்வாங்குதல், உணர்ச்சி வேகம், எடுத்ததை விடாமற் பற்றியிருத்தல் போன்ற இயல்புகள் குழந்தைக்குக் குழந்தை மிக இளமையிலேயே வேறுபடுவதை அவர்கள் கண்டனர். "எங்கள் வளர்ப்பில்தான் குற்றமோ?" என்று தம்மையே நொந்துகொண்டிருந்த தாய்மார் பலருக்கு இவ்வாராய்ச்சி ஆறுதலளித்தது. குழந்தையின் இயல்பும் பெற்றோர் அதனிடம் எதிர்பார்ப்பதும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதே தொல்லை முற்றுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

மற்றப் பாதி, சிந்திக்கும் திறனைச் சார்ந்தது. கனடா நாட்டு உளநூல் அறிஞர் பிலிப் செலாசோவும் அவருடைய தோழர்களும் 1990-களில் சிறு குழந்தைகளிடம் படச்சீட்டுகளைக் கொடுத்து, முதலில் நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். பின்னர் உருவம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார்கள். மூன்று வயதுக் குழந்தைகளுட் பெரும்பாலோர் புதிய விதியை வாயாற் சொல்லிவிட்டு, கையாற் பழைய விதிப்படியே பிரித்தனர். ஐந்து வயதில் பெரும்பாலோர் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஓர் அளவுகோலை வைத்துவிட்டு மற்றொன்றை எடுக்கும் இத்திறன் மெல்ல மெல்லவே வளர்கிறது. உள்ளம் கலங்கும் வேளையில் பெரியவர்களிடமும் தளர்ந்துபோகிறது. கூரிய அறிவு வேறு, வளையும் அறிவு வேறு என்பதை நாம் கருத வேண்டும். கூர்மை குறையைக் கண்டுபிடிக்கும். "இது சிறிய குறை, இதை விட்டுவிடலாம்" என்று நிறுத்துச் சொல்வதற்கோ வளைந்துகொடுக்கும் அறிவு வேண்டும். மென்மையான சுபாவமும் கூரிய அறிவும் சேர்ந்து, வளையும் திறன் இன்னும் முதிராத பிள்ளைக்கு, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண்ணும் தோல்வியாகவே தோன்றும். வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளையே இதில் மிகுதியாகத் துன்புறுவது உண்டு.

தெரேசம்மாளின் வரலாற்றிலும் இதையே காண்கிறோம். நான்கு வயதில் தாயை இழந்தபின், துள்ளித் திரிந்த அப்பிள்ளை எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடுபவளாக மாறினாள். 1885 மே மாதம், லிசியே நகரில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் நடந்த தியானத்தின்போது, தேவையற்ற பாவ அச்சம் அவளைப் பீடித்தது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாதாரண எண்ணங்களும் செயல்களும்கூடப் பாவமாகத் தோன்றின. ஒன்றரை ஆண்டுக் காலம் இத்துன்பம் நீடித்தது. அதற்கிடையில் உடல்நலமும் குன்றியதால் தந்தை அவளைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார்.

மரி செய்தது என்ன? மாலையில் தங்கை பள்ளியிலிருந்து திரும்பியதும், மறுநாளைக்காக அவள் தலைமயிரைச் சுருட்டிவிடுவது அக்காளின் வேலை. அந்நேரம் முழுவதும் தெரேசம்மாள் தன் அச்சங்களையெல்லாம் அழுதுகொண்டே சொல்வாள். மரி சலிப்பின்றிக் கேட்பாள். சொன்னவுடன் அமைதி வரும். மின்னல்போல் மறைந்தும் விடும். ஆறுதல் மொழி மட்டும் போதாதென்பதை இதிலிருந்தே அறியலாம். மீண்டும் மீண்டும் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லக் கேட்கும் பிள்ளை, மறுபடியும் அதையே கேட்க வருகிறதன்றோ! மரி அதற்கு மேலும் ஒன்று செய்தாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் எவற்றைச் சொல்லலாம் என்று அவளே வரையறுத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒன்றுகூடத் தெரேசம்மாள் குருவிடம் சொல்லவில்லை. நிறுத்துப் பார்க்கும் தராசு தங்கையிடம் இல்லாத காலத்தில், அக்காள் தன் தராசை இரவலாகத் தந்தாள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெற்றோர் இரவல் தரக்கூடியதும் இதுவே. சுபாவத்தை மாற்ற முயல்வது வீண் வேலை. அதட்டினால் அச்சம் இரட்டிக்கும். புகழ்ச்சியிலும் எச்சரிக்கை தேவை. கிளாடியா மியூல்லர், கேரல் டுவெக் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், "நீ அறிவாளி" என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தோல்வி வந்ததும் எளிதில் சோர்ந்தனர். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தளராமல் தொடர்ந்தனர். உணவும் உறக்கமும் கெட்டு, பள்ளிக்குச் செல்லவே அஞ்சும் நிலை வந்தால், வீட்டு வைத்தியத்தில் காலங்கடத்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நாம் அறிந்த ஒரு தாய் தம் மகளுக்கு ஒரு கணக்கு வைத்தார். ஒரு பக்கத்தில் மூன்று இடங்களைத் திருத்தலாம். நான்காவதை அப்படியே விட்டுவிட வேண்டும். எந்த மூன்று என்பதை மகளே தேர்ந்தெடுப்பாள். முதல் வாரம் ஒவ்வொரு மாலையும் அழுகைதான். இரண்டாம் வாரம், எதைத் திருத்துவது, எதை விடுவது என்று அச்சிறுமி பென்சிலைக் கடித்தபடி நெடுநேரம் யோசித்தாள். பிறகு, "இந்த 'ழ' கோணலாகவே இருக்கட்டும், அம்மா" என்று சொல்லி, நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.