பழைய மோட்டார் வண்டியும் அதன் எண்ணெயும்

பழைய மாணவர் ஒன்றுகூடும் நாட்களிலே நம் கல்லூரி முன்றிலில் வந்து நிற்கும் மோட்டார் வண்டிகளுட் சில, அவற்றை ஓட்டி வந்தவரின் பிள்ளைகளினும் வயது கூடியவை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், வொக்ஸ்வாகன் எனப் பெயர் பெற்ற இவ்வண்டிகளைச் சூழ்ந்து நின்று பேசும் நண்பர்கள் ஈற்றில் இரண்டு கேள்விகளிலேயே வந்து நிற்பர். எண்ணெயை எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுவது? எந்த வடிகட்டியைப் பூட்டுவது? இவ்விரண்டிற்கும் நாம் கற்றும் பட்டும் அறிந்தவற்றை இம்மலரிலே எழுதுமாறு நண்பர்கள் கேட்டனர்.

யூபிலி மலரொன்றில் இதற்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். நம் கல்லூரியிற் பணியாற்றிய சுவாமி விபுலாநந்தர் 1936ஆம் ஆண்டு சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அறிவியற் பொருளைத் தமிழிலே சொல்லலாம் என்பதை ஐயமற நம்பிய அவரின் வழிவந்த நாம், கராஜிலே பேசப்படும் ஒரு பொருளைத் தமிழில் எழுதக் கூசவேண்டியதில்லை. அன்றியும், பழைய வண்டியைப் பேணுதல் நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 1960களிலும் 1970களிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினாற் புதிய வண்டிகள் வருவது அருகியிருந்தது. 2020 மார்ச்சு தொடக்கம் 2025ஆம் ஆண்டு தொடங்கும் வரையும் தனியார் வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. இத்தகைய நாட்டில் ஓர் எஞ்சின் பழுதானால் அதன் இடத்தை நிரப்ப இன்னொன்று எளிதில் வாராது.

முதலில் எண்ணெயின் தொழிலை நோக்குவோம். உராய்வைக் குறைத்தல் அதன் முதற் கடமை. சுழலும் தண்டும் அதைத் தாங்கும் பெயாரிங்கும் ஒன்றையொன்று தொடாதபடி இடையில் நிற்பது மிக மெல்லிய எண்ணெய்ப் படலமே. அதனோடு பிஸ்டனின் வெப்பத்தை எடுத்துச் செல்லுதல், கரியையும் உலோகத் துகளையும் கழுவி வருதல், உள்ளே துருவேறாது காத்தல் என்பனவும் அதன் கடமைகளே. நான்கு லீற்றர் எண்ணெய் இவ்வளவு வேலையையும் செய்வதினாலேயே அது கெடுகின்றது.

எண்ணெய் கெடுவது எவ்வாறு? ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. அது ஆவியாய்ப் புகைக்குழாய் வழியே போய்விடும். ஆயினும் ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து சம்பினுள்ளே இறங்கும். எஞ்சின் நன்கு சூடேறி அரைமணி நேரமாவது ஓடினால் அந்நீர் மீண்டும் ஆவியாகி வெளியேறும். சூடேறுமுன் நிறுத்திவிட்டால் எண்ணெயோடு கலந்து, எரிபொருளிலுள்ள கந்தகத்தின் புகையோடு சேர்ந்து அமிலமாகிப் பெயாரிங்கை அரிக்கும். சோக்கை இழுத்து வைத்து ஓட்டும் பழைய காபறேற்றர் வண்டியில் எரியாத பெற்றோலும் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும்.

இதற்கோர் உதாரணம் நம்மவர் பலர் நேரிற் கண்டதே. 1990களின் தொடக்கத்தில், எரிபொருட்தடை நிலவிய யாழ்ப்பாணத்திலே, ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சம்பில் இறங்கும். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். கூடியது எண்ணெயன்று, மண்ணெண்ணெய். அதனை மணத்தாலும் நீர்மையாலும் அறிந்து அடிக்கடி எண்ணெயை மாற்றியவரின் எஞ்சின் பிழைத்தது. மட்டம் குறையவில்லையே என மகிழ்ந்திருந்தவரின் எஞ்சின் பெயாரிங் தேய்ந்து தட்டத் தொடங்கிற்று. இன்று பெற்றோலில் ஓடும் வண்டிக்கும் பாடம் இதுவே: அளவு நிறைந்திருப்பதனால் எண்ணெய் நல்லதென்று கொள்ளலாகாது.

இனி, எத்தனை மைல் என்னும் கேள்விக்கு வருவோம். 1950களின் வண்டிக் கையேடுகள் பெரும்பாலும் 3,000 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுமாறு கூறின. இன்றைய வண்டிகளின் கையேடுகள் 10,000 கிலோமீற்றர் என்றும் அதற்கு மேலும் கூறுகின்றன. எண்ணெய் இன்று மிகத் திருந்தியுள்ளதாதலாற் பழைய வண்டிக்கும் 10,000 போதும் எனச் சிலர் வாதிப்பர். எண்ணெய் திருந்தியது உண்மையே. எஞ்சின் திருந்தவில்லை என்பதை அவர் மறந்துவிடுகின்றனர். புதிய எஞ்சினில் எரிபொருளைக் கணினி அளந்து விடுகின்றது, வளையங்கள் இறுக்கமானவை, காற்று வடிகட்டியும் சிறந்தது. பழைய எஞ்சினிலிருந்து எண்ணெய்க்குள் இறங்கும் அழுக்கு இதனினும் பன்மடங்கு அதிகம்.

எனினும், மைற்கணக்கு ஒன்றே போதாது என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்தும் கருத்து. இரண்டு வண்டிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று, கிழமைக்கு இருமுறை கந்தளாய், ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போய்வரும் வாடகை வண்டி. மற்றையது, உவர்மலையிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கோணேசர் கோயிலுக்கும், பின் வீட்டுக்குமாக நாளொன்றுக்கு மூன்று நான்கு மைல் மாத்திரம் ஓடும் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வண்டி. முன்னையது இரண்டு மாதத்துள் 5,000 கிலோமீற்றரைக் கடந்துவிடும்; ஆயினும் அதன் எண்ணெய் நாடோறும் நன்கு காய்ந்து நீர் நீங்கப் பெறுகின்றது. பின்னையது ஓராண்டிலும் 3,000 மைலை எட்டாது. எட்டவில்லையே என்று அதன் உரிமையாளர் எண்ணெயை மாற்றாது விடுகின்றார். அவ்வண்டியோ ஒருநாளும் முழுச்சூடு கண்டதில்லை. கடலை மூன்று பக்கமும் கொண்ட நம் பட்டினத்தின் ஈரக் காற்றும், மாரியிற் பல நாள் ஓடாது கிடத்தலும் சேர, எண்ணெய் நுரைத்துப் பால்போல் வெளுத்து, ரப்பெற் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போலப் படிந்துவிடும். குறைய ஓடும் வண்டியே எண்ணெயை விரைவிற் கெடுக்கின்றது.

ஆகவே நாம் கைக்கொள்ளும் விதி இது: 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகின்றதோ அது. ஆறு மாதத்தை நினைவில் வைத்தல் நமக்கு எளிது. சித்திரை வருடப் பிறப்புக்கும் ஆயுத பூசைக்கும் இடையில் ஏறத்தாழ ஆறு மாதமே உள்ளது. பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனப் பொட்டிடும் நாம், அதற்கு முதல்நாள் எண்ணெயையும் மாற்றிவிட்டால், வடகீழ்ப் பருவ மழை தொடங்குமுன் எஞ்சினுட் புதிய எண்ணெய் நிற்கும். கிழமைக்கொருமுறை நிலாவெளி வரையாவது ஓட்டி எஞ்சினை முழுச்சூடு காணச் செய்தலும் நன்று.

எந்த எண்ணெயை வாங்குவது? கலன்களில் 20டபிள்யூ-50 போன்ற எண்கள் காணப்படும். முன்னெண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாய் ஓடும் என்பதையும், பின்னெண் எஞ்சின் சூட்டில் எவ்வளவு தடிப்பாய் நிற்கும் என்பதையும் குறிக்கும். பனி பெய்யும் நாட்டவர்க்கு முன்னெண் முக்கியம். நமக்குப் பின்னெண்ணே முக்கியம். தேய்ந்த பெயாரிங்குகளையும் அகன்ற இடைவெளிகளையும் உடைய பழைய மொறிஸ், ஒஸ்ரின் எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-50 பொருந்தும். புதிய வண்டிகளுக்கென விற்கும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெயை, விலை கூடியது ஆதலின் சிறந்தது என்றெண்ணி இவற்றில் ஊற்றுதல் தவறு. இன்னொரு காரணமும் உண்டு. பழைய எஞ்சின்களிற் கேம் தண்டின் மேல் ரப்பெற் உருளாது உரசியே செல்லும். அவ்வுரசலைத் தாங்க உதவுவது எண்ணெயிற் சேர்க்கப்படும் நாகமும் பொசுபரசும் கொண்ட மருந்து. புகைக்குழாயிலுள்ள தூய்மையாக்கும் கருவியைப் பொசுபரசு கெடுப்பதினால், மெல்லிய எண்ணெய்களில் அதன் அளவு 1990களிலிருந்து 0.12 வீதத்திலிருந்து 0.08 வீதமாகப் படிப்படியாய்க் குறைக்கப்பட்டது. தடித்த எண்ணெய்களுக்கு அக்கட்டுப்பாடு அவ்வளவு இறுக்கமாக இல்லை.

எண்ணெய் என்றதும் நம்மூரார்க்குச் சீனக்குடாத் தாங்கிகள் நினைவுக்கு வரும். பிரித்தானியர் தம் கடற்படைக்கெனக் கட்டிய அத்தாங்கிகளுள் ஒன்று 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானத் தாக்குதலில் தீக்கிரையானதை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே நிறைந்திருந்தது கப்பற் கொதிகலங்களில் எரிக்கும் எண்ணெய். எஞ்சினில் ஊற்றுவதோ வேறு. அடிப்படை எண்ணெயோடு அழுக்கை அகற்றுவன, அமிலத்தை அடக்குவன, தேய்வைத் தடுப்பன எனப் பலவகை மருந்துகளை அளந்து சேர்த்து ஆக்கப்படுவது. அவ்வகைக் கலப்பாலையொன்று இன்று திருக்கோணமலையிலேயே இயங்குகின்றது. அம்மருந்துகள் செலவாகித் தீர்ந்தபின் எஞ்சுவது வெறும் எண்ணெயே. பழைய எண்ணெயைத் துணியில் வடித்து மீண்டும் ஊற்றுதல் ஏன் தகாது என்பது இதனால் விளங்கும்.

ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் கவனியாது கிடந்த வண்டியை வாங்கினால், முதலில் ஊற்றும் நல்ல எண்ணெய் உள்ளே படிந்த சேற்றைக் கரைத்துக் கிளப்பும். அது வடிகட்டியை அடைத்துவிடக்கூடும். ஆகவே முதல் மாற்றத்தை 500 மைலிலும் இரண்டாவதை 1,000 மைலிலும் செய்து, அவ்விருமுறையும் வடிகட்டியையும் மாற்றுக.

இனி வடிகட்டி. மோட்டார் வண்டிக்கு எண்ணெய் வடிகட்டி அமெரிக்காவில் 1923ஆம் ஆண்டளவில் வழக்கில் வந்தது. வொக்ஸ்வாகன் வண்டுக் காருக்கு ஒரு கம்பிவலையைத் தவிர வேறு வடிகட்டியே இல்லை. அதன் எண்ணெயும் இரண்டரை லீற்றரே. அதனால் அவ்வண்டிக்கு 5,000 கிலோமீற்றர் என்னும் எல்லையை ஒருபோதும் மீறலாகாது. தாள்வடியுள்ள வண்டிகளில் 20, 30 மைக்கிரோன் அளவான துகள்கள் பெரும்பாலும் பிடிபடும். தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்கிரோன் என்பதை நினைத்தால் இவ்வளவின் நுட்பம் புலப்படும். ஆனால் நீரையும் பெற்றோலையும் அமிலத்தையும் எந்த வடிகட்டியும் பிடிக்காது. விலையுயர்ந்த வடிகட்டியைப் பூட்டிவிட்டு எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதாற் பயனில்லை.

வடிகட்டியைத் தெரிகையிற் பார்க்கவேண்டியவை மூன்று. முதலாவது, மரை பொருந்தியது மாத்திரம் போதாது. இறப்பர் வளையத்தின் விட்டமும் எஞ்சினின் முகத்தோடு சரியாய்ப் பொருந்தவேண்டும். இரண்டாவது, மாற்றுவழி வால்வு. வடிகட்டி அடைபட்டால் எண்ணெய் நின்றுவிடாமல், வடியாமலேனும் பெயாரிங்குக்குப் போக வழிவிடுவது இதுவே. வேறொரு வண்டிக்குரிய வடிகட்டியில் அவ்வால்வு இல்லாதிருக்கலாம், அல்லது பிழையான அழுத்தத்தில் திறக்கலாம். மூன்றாவது, வடிகட்டி கிடையாகவோ தலைகீழாகவோ பூட்டப்படும் எஞ்சினில், நிறுத்தியபின் எண்ணெய் வடிந்துபோகாது தடுக்கும் இறப்பர் மடல் இருத்தல் வேண்டும். காலையில் எஞ்சினை எழுப்பியதும் சில வினாடி தட்டும் ஒலி கேட்பின், அம்மடலை ஐயுறுக.

பழைய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளில் இரும்புக் கிண்ணத்துள் தாள்வடியை வைத்து நீண்ட ஆணியால் இறுக்கும் முறை உள்ளது. இதிலே நாம் பட்டதொன்றைக் கூறுவது பயன்படும். சில ஆண்டுகளுக்கு முன் எம் தாயாரைக் கண்டி வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டோம். முதல்நாள் ஒரு கராஜில் எண்ணெயும் வடியும் மாற்றுவித்திருந்தோம். கந்தளாய்க்கு அப்பாற் காட்டுவழியில் எண்ணெய் அழுத்த விளக்கு திடீரென ஒளிர்ந்தது. அக்கணமே எஞ்சினை நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தால் வண்டியின் கீழ்ப்புறம் முழுதும் எண்ணெய். கிண்ணம் பொருந்தும் பள்ளத்திலிருந்த பழைய இறப்பர் வளையத்தை எடுக்காமலே அதன்மேற் புதியதை வைத்திருந்தனர். காய்ந்து கறுத்துப்போன வளையம் இரும்பைப் போலவே தோன்றும். ஊசியாற் கிளப்பினாலன்றித் தெரியாது. அவ்வழியே வந்த லொறிக்காரர் ஒருவர் தம்மிடமிருந்த எண்ணெயைத் தந்து உதவினார். வளையத்தை எடுத்துச் சரிசெய்து, எம் தாயாரை மாலைக்குள் வைத்தியசாலை சேர்த்தோம். இன்னும் ஒரு மைல் போய்ப் பார்ப்போம் என்று எண்ணியிருந்தால், எஞ்சினும் போய், இருட்டும் வேளையில் நோயாளியோடு காட்டில் நின்றிருப்போம்.

அன்றுமுதல் இவ்வேலையை நாமே செய்கின்றோம், அல்லது அருகில் நிற்கின்றோம். எஞ்சின் சூடாயிருக்கையில் எண்ணெயை வடிக்க வேண்டும். வடிந்ததை விரல்களிடையே தேய்த்துப் பார்க்க வேண்டும்: மினுங்கும் துகள் பெயாரிங் தேய்வையும், பால்நிறம் நீரையும், பெற்றோல் மணம் காபறேற்றர்க் குற்றத்தையும் காட்டும். பழைய வளையத்தைக் கண்ணாற் கண்டு எடுத்தபின் புதியதை எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும். எண்ணெய் ஊற்றி எஞ்சினை எழுப்பி, அழுத்த விளக்கு அணைகின்றதா எனப் பார்த்து, சில நிமிடம் ஓடவிட்டுக் கீழே குனிந்து கசிவு உண்டா எனவும் நோக்க வேண்டும். பின் நிறுத்தி, மட்டம் பார்த்து, திகதியையும் மைற்கணக்கையும் ஒரு தாளில் எழுதி வண்டியில் ஒட்டுக.

கழிந்த எண்ணெயை வேலிக்கால்களுக்குப் பூசுவதும் கானில் ஊற்றுவதும் நம்மிடையே உள்ள பழைய வழக்கங்கள். மணற்பாங்கான நிலத்தில் அது கிணற்று நீரைச் சேரும். கான் வழியே துறைமுகத்தைச் சேரும். கலனில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் கராஜிற் கொடுத்துவிடுக.

அடுத்த ஒன்றுகூடலுக்கு வரும் நண்பர்கள் தம் வண்டியின் அளவுகோலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுவாராக. மைற்கணக்கு எட்டாவிடினும் ஆறு மாதம் கடந்திருப்பின், வண்டியைக் கழுவுமுன் எண்ணெயை மாற்றுவாராக.