எல்லைக்கு அப்பால் ஒரு சமண மலை

கேரளத்தின் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வெள்ளறடை, அருமனை வழியாகத் தமிழக எல்லையைத் தாண்டினால் சிதறால் மலை. திருச்சாரணத்துமலை என்பது அதன் பழம்பெயர். துறவிகளான சாரணர்கள் தங்கிய மலை.

பாறைச் சரிவில் சமணத் தீர்த்தங்கரர்கள் முக்குடையின் கீழ் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். படமெடுத்த நாகத்தின் நிழலில் நிற்கும் பார்சுவநாதரை எளிதில் அடையாளம் காணலாம். சிங்கத்தோடு நிற்கும் அம்பிகையின் முன் சற்று நேரம் நில்லுங்கள். அந்த உருவத்தின் நளினம் அவசரமாகப் பார்ப்பவர்களுக்குப் புலப்படாது. சிற்பங்களின் கீழே வட்டெழுத்து வரிகள் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் கல்வெட்டும் இங்கே இருப்பதால், 9ஆம் நூற்றாண்டில் இது செழிப்பான சமணத் தலம் என்பது உறுதி. பிற்காலத்தில் பகவதி கோயிலாக மாறியபோதும் பழைய சிற்பங்கள் அழியவில்லை. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

அதே பயணத்தில் தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடலாம். 1795 வரை பத்மநாபபுரம்தான் திருவிதாங்கூரின் தலைநகர். அரண்மனை அமைந்துள்ள கல்குளம் தாலுகா 1956இல் தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையோ இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில். திங்கட்கிழமை விடுமுறை.

சிதறாலுக்கு வெயில் ஏறுமுன் செல்லுங்கள், குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். சிற்பங்களின் மேல் கைவைக்காதீர்கள், பாறையில் பெயர் எழுதாதீர்கள்.