எல்லைக்கோட்டில் நின்றுபோகும் உரிமை

வேடர் தலைவன் நம்பிராஜன் வளர்த்த வள்ளியை முருகப்பெருமான் மணம் புரிந்த தலமென்று போற்றப்படும் திருத்தணிகையில், 365 படிகளையும் பக்தி சிரத்தையோடு ஏறி இறங்குகிற நம்மவர்கள், மலையைச் சூழ்ந்த சமவெளியிலே ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் குடிசை போட்டு வாழும் இருளர்களை அந்த வள்ளியின் உறவினராக எண்ணிப் பார்ப்பது அபூர்வம்.

சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது அதனோடு போய், ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பயனாகவும் மத்தியஸ்தர் படாஸ்கரின் எல்லைத் தீர்ப்பின்படியும் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை ராஜ்யத்தை வந்தடைந்தது. கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோரின் மொழி பார்த்து வகுத்த எல்லை அது. எலிவளை தோண்டியும் மீன் பிடித்தும் இருபுறமும் திரிந்தவர்களின் ஜீவனம் அந்தக் கணக்கில் வரவில்லை.

அரசியல் சாசனத்தின் 342-ஆவது ஷரத்துப்படி பழங்குடிப் பட்டியல் ராஜ்யந்தோறும் வெவ்வேறு. தமிழ்நாட்டுப் பட்டியலில் இருளர் உண்டு, யானாதிகள் என்னும் பழங்குடியினர் இல்லை. ஆந்திரப் பட்டியலிலோ யானாதிகள் உண்டு, இருளர் இல்லை. ஒரு ராஜ்யத்தின் பட்டியல் தரும் அந்தஸ்தை மற்றொன்றுக்குக் குடிபெயர்வோர் உடன்கொண்டு செல்ல இயலாதென்று 1990-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது. மிகவும் நலிந்த பழங்குடிகளுள் ஒன்றென மத்திய சர்க்காரே வகைப்படுத்தியிருக்கும் இருளர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், செங்கற்சூளை வேலைக்காக ஆந்திரத்தின் நகரிக்கு அப்பால் போய்த் தங்கிவிட்டால், அங்கே சட்டத்தின் கண்ணுக்கு அது பழங்குடியே அல்ல!

இனி உலகத்தின் அளவுகோலைப் பார்ப்போம். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1957-இல் இயற்றிய 107-ஆம் உடன்படிக்கையை இந்தியா மறு வருஷமே ஏற்றது. பழங்குடிகளைப் பெருஞ்சமூகத்திலே கரைத்துவிட நினைத்த அந்தக் கொள்கையை அந்த ஸ்தாபனமே பிற்பாடு கைவிட்டு, தம்மைப் பழங்குடியென்று அம்மக்களே உணர்வதுதான் அடிப்படை அடையாளம் எனக் கூறும் 169-ஆம் உடன்படிக்கையை 1989-இல் இயற்றியது. இதனை நாம் இன்னும் ஏற்கவில்லை. 2007 செப்டம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் பழங்குடி உரிமைப் பிரகடனத்தை ஆதரித்த 144 தேசங்களுள் இந்தியாவும் ஒன்று. ஆனால் இந்நாட்டு மக்கள் அனைவருமே பூர்வகுடிகள் என்பது நமது ராஜதந்திரிகளின் வாதம். சாமர்த்தியமான வாதந்தான்; நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை.

நமது சட்டங்கள் உலகப் பிரமாணத்தை எட்டியதே இல்லையென்று சொல்வதற்கில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் பலத்தால், ஒடிஷாவின் நியமகிரியில் 12 கிராம சபைகள் 2013-இல் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாமென்று ஒருமுகமாகத் தீர்மானித்தன. ஆயினும் வனத்தை விட்டு வந்து தலைமுறைகள் கழிந்த திருத்தணி இருளருக்கு அந்தச் சட்டத்தால் என்ன லாபம்? அவர்களுடைய வழக்கெல்லாம் வீட்டுமனைப் பட்டாவும், கோட்டாட்சியர் தரவேண்டிய ஜாதிச் சான்றிதழுமே.

பட்டியலைத் திருத்துவது நாடாளுமன்றத்துக்கு அசாத்தியமானதல்ல; நரிக்குறவர்களைத் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில் நிறைவேறிற்று. அவ்வாறே, பிழைப்புக்காக எல்லை கடக்கும் பழங்குடிகளின் அந்தஸ்து அண்டை ராஜ்யத்திலும் செல்லுபடியாகுமாறு சட்டத்தைத் திருத்தவும், 1989-ஆம் வருஷத்து உடன்படிக்கையை ஏற்கவும், இரு ராஜ்யங்களின் எல்லைப்புறத் தொகுதிகளுக்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதம் பாராமல் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.