முதுகில் கவிழ்த்த கோப்பைகள்

சின்ன வயதில் தண்ணீர் குடித்து முடித்த எவர்சில்வர் டம்ளரை வாயோடு வைத்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிக் கையை விட்டுப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. டம்ளர் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிடுங்கினால் 'பக்'கென்று ஒரு சத்தம். உதட்டைச் சுற்றிச் செக்கச்செவேலென்று ஒரு வட்டம். கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்பு வலிக்கும் இன்று பலர் தேடிப்போகும் கப்பிங் சிகிச்சையும் அந்த விளையாட்டும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் கருஞ்சிவப்பு வட்டங்களோடு வந்து நின்றபோது உலகமே இதைப் பற்றிப் பேசியது. ஆனால் முறை மிகப் பழையது. அரபு நாடுகளிலும் யுனானி மருத்துவத்திலும் இதற்கு ஹிஜாமா என்று பெயர். மாட்டுக் கொம்பையும் சுரைக்குடுவையையும் வைத்து உறிஞ்சி ரத்தம் வாங்குவதைச் சுஸ்ருத சம்ஹிதை விவரிக்கிறது. சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவ முறைகளில் 'உறிஞ்சல்' என்பதும் ஒன்று. பழமையானது என்பதாலேயே ஒரு சிகிச்சை பலன் தரும் என்றாகிவிடாது. அதைப் பிறகு பார்ப்போம்.

கோப்பைக்குள் நடப்பது என்ன?

மசாஜில் கை தசையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. கப்பிங்கில் இது தலைகீழ்: தோலும், அதன் அடியில் உள்ள கொழுப்பும், தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வும் மேல்நோக்கி இழுபடுகின்றன. அந்த இடத்துக்கு ரத்தம் பாய்கிறது. தோலுக்கடியில் இருக்கும் மெல்லிய ரத்த நுண்குழாய்கள் சில வெடித்துக் கசிகின்றன.

கோப்பைக்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற இரண்டு வழிகள் உண்டு. பழைய முறையில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு நொடி காட்டி எடுத்துவிட்டு, சட்டென்று முதுகில் கவிழ்ப்பார்கள். உள்ளே சூடான காற்று ஆறும்போது அழுத்தம் குறைந்து குவளை கவ்விக்கொள்ளும். இப்போது பெரும்பாலான இடங்களில் பிளாஸ்டிக் கோப்பையும் கைப்பம்பும்தான். நெருப்பு இல்லை, தீக்காயத்துக்கும் இடமில்லை. என்னைக் கேட்டால், முதல்முறை போகிறவர் பம்ப் கோப்பையையே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வேண்டிய அளவுக்கு இழுவையைக் கூட்டலாம், குறைக்கலாம்.

முதல்முறை போகிறவருக்கு

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். குப்புறப் படுக்க வைத்து, பிடரி, தோள்பட்டை, முதுகு என்று வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். தொட்டதும் 'அங்கேதான்' என்று சொல்லத் தோன்றும் இடங்கள் எல்லோருக்கும் இருக்கும். தோலைத் துடைத்துவிட்டு அங்கெல்லாம் கோப்பைகளை வைப்பார்கள்.

முதல் இழுவையில் தோலை யாரோ கொத்தாகப் பிடித்துத் தூக்குவது போல் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள் அது பழகிவிடும். பிறகு கதகதப்பும் ஒருவிதக் கனமும் பரவும். சிலர் அப்படியே தூங்கிவிடுவார்கள். பொதுவாக ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை கோப்பை இருக்கும். எண்ணெய் தடவி, ஒட்டிய கோப்பையை முதுகில் மேலும் கீழுமாக நகர்த்துவதும் உண்டு; இறுகிய தசையின் மீது நகரும்போது அது நன்றாகவே வலிக்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டிய சிகிச்சை இல்லை இது. எரிச்சலோ, குத்தலோ, மரத்துப்போவதோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள். காற்றைத் திறந்துவிட ஒரு நொடி போதும். நெடுநேரம் விட்டால் தோல் கொப்பளித்துவிடும். முடிந்ததும் சடாரென்று எழாமல், சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுங்கள். சிலருக்குத் தலைசுற்றும், ஓரிருவர் மயங்கியும் விழுவார்கள்.

அது 'கெட்ட ரத்தம்' அல்ல

மறுநாள் உங்கள் முதுகைப் பார்க்கிற வீட்டார் பதறிப்போவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வட்டங்கள் சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இருக்கும். கருஞ்சிவப்பு, ஊதா, பிறகு பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மறையும். கன்றிப்போன எந்த இடமும் இப்படித்தான் மாறும். கசிந்த ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை உடல் சிதைத்து அகற்றுகிறது, அவ்வளவுதான்.

'எவ்வளவு கறுப்பாக வருகிறதோ அவ்வளவு நச்சு வெளியேறுகிறது' என்று சொல்லிப் பத்து முறைக்கு முன்பணம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. அது உண்மையல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடலின் கழிவை அகற்றுபவை கல்லீரலும் சிறுநீரகங்களும். வட்டத்தின் கருமை, கோப்பை எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் இழுத்தது என்பதைத்தான் முக்கியமாகக் காட்டுகிறது.

வலி எவ்வளவு குறையும்?

நாள்பட்ட கழுத்து வலியிலும் இடுப்பு வலியிலும் கொஞ்ச காலத்துக்கு வலி குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். கோப்பை ஒட்டியிருப்பது நோயாளிக்கே தெரியும் என்பதால், போலிச் சிகிச்சையோடு ஒப்பிடுவதும் கடினம். 2016இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வு, உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளிடம் இழுவை குறைந்த போலிக் கோப்பைகளையும் வைத்துப் பார்த்தது. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை.

ஆகவே சில நாள் ஆறுதலை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். விலகிய முதுகுத்தண்டு வட்டைக் கோப்பை உள்ளே தள்ளாது, தேய்ந்த மூட்டை வளர்க்காது. ஆனாலும் அந்தச் சில நாள் ஆறுதலை அற்பமாக நினைக்கக் கூடாது. வலிக்குப் பயந்து கழுத்தைத் திருப்பாமலே இருந்தவர் அப்போது திருப்பிப் பார்க்கலாம், நடக்கலாம், இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் தொடங்கலாம். அப்படிச் செய்யாமல் பழையபடி எட்டு மணி நேரம் குனிந்து மடிக்கணினியைப் பார்த்தால், பிடிப்பு திரும்பி வந்துவிடும்.

கத்தி வைப்பதற்கு முன்

கோப்பை வைத்த இடத்தில் பிளேடால் மெல்லக் கீறி ரத்தத்தை உறிஞ்சி எடுப்பது ஈர முறை. வெறும் தசை இறுக்கத்துக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது; இருக்கிற ரத்தத்தை ஏன் இழக்க வேண்டும்? செய்துகொள்வதென்றே முடிவெடுத்தால், ஐந்தரை ஆண்டு பி.யு.எம்.எஸ். படித்துப் பதிவு பெற்ற யுனானி மருத்துவரிடம் மட்டும் போங்கள். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பிளேடு உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும், கையுறை மாற்றப்பட வேண்டும், உங்களுக்கு வைத்த கோப்பை அடுத்தவருக்குப் போகக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவை ரத்தம் வழியே பரவுபவை. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் எளிதில் உறையாத நோய் உள்ளவர்கள் எந்த வகைக் கப்பிங்கும் செய்துகொள்ளக் கூடாது. டெங்குக் காய்ச்சலில் உடம்பு முறிக்கிறதே என்று போவது பெரிய ஆபத்து. அப்போது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு இழுபட்ட இடத்திலேயே புதிதாகப் படை கிளம்பக்கூடும். ரத்தக் குழாய் சுருண்டு புடைத்த கால், புண், கட்டி, கர்ப்பிணியின் வயிற்று, இடுப்புப் பகுதிகள் ஆகிய இடங்களில் கோப்பை வைக்கக் கூடாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்குத் தோல் வேகுவதுகூடத் தெரியாமல் போகலாம்.

எல்லா வலியும் தசை வலி அல்ல

இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் எழுப்பிவிடும் வலி ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். கால் பலவீனமாவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது போன்றவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

நெஞ்சு, இடது தோள், முதுகு, தாடை என்று வலி பரவி, வியர்த்தும் கொட்டும்போது, 'வாயுப் பிடிப்புதான்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அந்த வலிக்குக் கோப்பையும் வேண்டாம், தைலமும் வேண்டாம். 108ஐ அழையுங்கள்.