மழை தூறினாலே நெஞ்சு படபடக்கிறதா?

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள்.

மலையடிவாரத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா சொன்னார்: "தகரத்து மேல நாலு சொட்டு விழுந்தாப் போதும், நெஞ்சு அடிச்சுக்குது. விடியிற வரைக்கும் கண்ணை மூட முடியல." பேசும்போதே முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கணுக்காலில் ஒரு சின்னப் புண், மாதம் ஒன்றாகியும் ஆறவில்லை. சுகரும் ஏறியிருக்கிறது. "மழைக்கும் புண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வீட்டில் கேட்கிறார்களாம்.

சம்பந்தம் உண்டு. தகரத்தில் விழும் சத்தத்தை மூளை ஆபத்தென்று எடுத்துக்கொண்டதும், நரம்பு வழியாக நொடிகளில் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி போகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமெடுக்கிறது. அடுத்து மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்ப, அது மறுபடி அட்ரீனலைத் தூண்ட, கார்டிசோல் சுரக்கிறது. ஓடவோ போராடவோ தெம்பு வேண்டும் என்பதால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடுவது இதன் வேலை. எதிர்ப்புச் சக்தியையும் அது அடக்கி வைக்கும். ஆஸ்துமாவுக்கும் உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகும் டாக்டர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு, இந்தக் கார்டிசோலின் உறவுதான்.

ஒரு ராத்திரிக்கு இது பாதுகாப்பு. மாதக்கணக்கில் நீடித்தால் நிலைமை வேறு. நோய் எதிர்ப்பு அணுக்கள் கார்டிசோலின் பேச்சைக் கேட்பதை விட்டுவிடுகின்றன. அழற்சி உடம்பில் தங்கிவிடுகிறது. 1995-இல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஓர் ஆய்வு நடந்தது. மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 13 பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குக் காயம் உண்டாக்கிக் கவனித்தார்கள். அந்தச் சுமை இல்லாத பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாயிற்று. அந்தப் பெண்கள் யாரும் கோழையில்லை. நம் அம்மாவும் இல்லை.

அதனால் "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சொல்லால் வருகிற கெடுதல் எனக்குப் பொறுக்கவில்லை. கூச்சப்பட்டுக்கொண்டு மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்பதும், யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு போட்டுக்கொள்வதும் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. சுகர் உள்ளவர் ஸ்டீராய்டு சாப்பிட்டால் சுகர் இன்னும் ஏறும். ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்துச் சாப்பிடுகிறவர்கள் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. சர்க்கரை நோயாளியின் கால் புண்ணை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

மனநல சிகிச்சை நமக்குச் சலுகை அல்ல. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநல சேவையைப் பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. 21-ஆவது பிரிவின்படி, உடல் நோய்க்குக் காப்பீடு இருப்பதுபோலவே மனநோய்க்கும் இருக்க வேண்டும். மறுக்கப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் நிவாரணத்தில் மருத்துவமும் அடங்கும் என்கிறது 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம்.

ராத்திரியில் படபடப்பு வந்தால் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ் சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக, நீளமாகச் செய்தால் வேகஸ் நரம்பு வழியே இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். மார்பு வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால், அதையும் பயம்தான் என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

அந்த அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். அரசு மருத்துவமனை ஓ.பி.யில் புண்ணைக் காட்டும்போது, மழை ராத்திரியில் தூக்கம் வராததையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள் என்று.